வெள்ளக்காரம்மா வெச்ச கல்லு

கேளு செல்வி, கிரிவலப் பாதையில கல்லு மேல கல்லு அடுக்கி வீடு கேப்போமே, அங்க நேத்து ஒரு வெள்ளக்காரம்மாவப் பாத்தேன். தலையெல்லாம் நரை, கால்ல ரப்பர் செருப்பு. வழியெல்லாம் கூழாங்கல்லு பொறுக்கிக்கினே வந்துது. ஒண்ணை பாறை மேல வெச்சுது.

"வீடு கட்டப் போறியாம்மா?"ன்னேன்.

"இல்லம்மா. நாங்க யூதருங்க. செத்தவங்க சமாதியில கல்லு வெப்போம். அந்தக் காலத்து ஜெர்மனி ஆட்சி எங்க ஜனங்கள லட்ச லட்சமா கொன்னுச்சு. எங்க பாட்டிக்கு சமாதியே இல்ல"ன்னுச்சு. தமிழ் என்னமா பேசுது!

அந்தக் கொலையே நடக்கலைன்னு ஒருத்தன் புஸ்தகம் போட்டானாம். இந்தம்மா வக்கீலாம். கோர்ட்டுல நின்னு அவன் எழுதுனதெல்லாம் பொய்யின்னு நிரூபிச்சுதாம். கறுப்பு கோட்டுல எப்படி இருந்துச்சோ!

"தோத்திருந்தா?"ன்னேன்.

"எங்க பாட்டி செத்ததே பொய்யின்னு ஆயிருக்கும்மா."

அதான் எனக்குப் புரியல செல்வி. எழவு விழுந்த வீட்டுக்காரங்களே எழவு விழுந்துச்சுன்னு கோர்ட்டுல நிரூபிக்கணுமா?

செத்துப்போன அந்தப் பாட்டி பேரைக் கேட்டேன். வாயில நுழையல. ஆனாலும் சொல்லிக்கினே நானும் ஒரு கல்லு வெச்சேன். வீடு கேக்கவே மறந்துட்டேன்னா பாரேன்!

அய்யய்யோ, கொழாயில தண்ணி வந்துடுச்சு, குடத்தை எடு!