பக்கத்து அறையில் ஐந்து பாய்கள்

நாடு சுதந்திரம் அடைந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மல்லேஸ்வரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள் இருந்த இடத்தில் நாங்கள் குடியிருந்தோம். நான் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பக்கத்து ஒற்றை அறையில் மில் தொழிலாளி ஒருவர் தனியாக இருந்தார். கோலார்ப் பக்கத்துக்காரர், தொழிற்சங்கத்தில் மும்முரமானவர்.

ஒருமுறை அவருடைய அண்ணன் குடும்பம் அங்கே வந்து பத்து நாள் தங்கியது. அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம். படுக்கப் போதவில்லை என்று என் மனைவி இரண்டு பாய்கள் கொடுத்திருந்தாள். அவர்கள் ஊர் திரும்பிய அடுத்த வாரம், மில் வாசலிலேயே போலீஸார் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"சுவாமி, ஸ்வல்ப இங்க வாங்க. சோதனைக்கு சாட்சி வேணும்."

அறையில் இருந்ததையெல்லாம் எழுதினார்கள். சங்கத்து நோட்டீஸ் கட்டு, ஏழு டம்ளர், ஐந்து பாய்.

"ஒரே ஆள் இருக்கற ரூம்ல அஞ்சு பாய் எதுக்கு?"

"சொந்தக்காரங்க வந்திருந்தாங்க."

"பேரு, விலாசம் தெரியுமா?"

தெரியாது என்றேன். அதில் இரண்டு எங்களுடையவை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நம் வீட்டுக்குள்ளும் நுழைவார்களோ என்று பயந்தேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அண்ணி ஒரு காகிதத்தோடு வந்தாள். அவரை விசாரணையில்லாமல் காவலில் வைத்ததற்கு சர்க்கார் சொல்லும் காரணங்கள் அதில் இருந்தன. தலைமறைவான தீவிரவாதிகளுக்கு அந்த அறை தங்குமிடமாக இருந்ததாம். அதற்கு அத்தாட்சி பாய்களும் டம்ளர்களும்.

"அந்தப் பாய்ல படுத்தது நானும் என் பசங்களும்தான், அண்ணா. அதை நீங்க எழுதிக் கொடுத்தா போதும்."

எழுதினேன். பாய் கொடுத்ததையும் சேர்த்தே எழுதினேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, "அன்னிக்கு இதைச் சொல்லலியே? இப்ப கேஸ் கோர்ட்ல இல்ல சுவாமி, விசாரணையே கிடையாது. மேலே அனுப்பறேன்" என்றார். மேலே போனதோ என்னவோ, நான்கு நாளில் ஆபீசில் மேலதிகாரி என்னை அழைத்தார்.

"குழந்தைகுட்டி இருக்கறவர் நீங்க. எதுக்கு இந்த வேலை?"

அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை. அண்ணி இன்னும் இரண்டு தடவை வந்தாள். இரண்டாம் தடவை, நான் வீட்டில் இல்லை என்று மனைவியைச் சொல்லச் சொன்னேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாகி அவரை விட்டார்கள். தலை பாதி நரைத்திருந்தது. மில்லில் வேலை போயிருந்தது, அறையில் வேறு ஆள் குடிவந்திருந்தார்.

"சோதனை போட்ட காகிதத்துல உங்க கையெழுத்தைப் பாத்தேன், சார்" என்றார். நான் தலைகுனிந்தேன். "நீங்க இல்லேன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க. இங்க எங்கயாவது ஒரு ரூம் கிடைக்குமா, பாருங்களேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு நாலைந்து தெரு சுற்றினேன். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, இதுவரை எங்கே இருந்தீர்கள் என்பதுதான். அவர் மறைக்காமல் சொன்னார். கடைசி வீட்டுக்காரர் பதில்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினார். சாயங்காலம் அவரைக் கோலார் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.