புனேக்கு எடுத்த டிக்கெட்

கொரடாச்சேரி பரணிதரனுக்கு ஐம்பத்து மூன்று வயது. தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஆனால் மனைவி வானதி நீளம் தாண்டிய கதையை எடுத்துவிட்டால் கடைசி சீட்டுக்காரருக்கும் காதில் விழும்.

அதை அவர் கண்ணால் பார்த்தவர். ப்ளஸ் டூ படிக்கும்போது தஞ்சாவூரில் நடந்த பள்ளிகளுக்கான போட்டியில், மணல் குழியைப் பலகையால் சமன் செய்கிற வேலை அவருக்கு. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒல்லிப் பெண் ஒருத்தி ஓடிவந்து எம்பினாள். ஐந்து மீட்டர் நாற்பது. டேப் பிடித்த வாத்தியார் நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். "மணல்ல பதிஞ்ச அந்தத் தடத்த அழிக்க எனக்குக் கை வரலங்க" என்பார் பரணிதரன். எட்டு வருஷம் கழித்து வீட்டில் ஜாதகம் பார்த்துச் சொன்ன இடம் அந்தப் பெண்ணுடையதாகவே இருந்தது.

வானதி அதற்குப் பிறகு மாநில அளவிலும் ஜெயித்து, புனேயில் நடந்த அகில இந்தியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். அவள் அப்பா அனுப்பவில்லை. "வயசுக்கு வந்த பொண்ண ரெண்டு ராத்திரி ரயில்ல அனுப்பணுமா?" என்றார். அதோடு விளையாட்டு முடிந்தது.

கல்யாணமான புதிதில் பரணிதரன் கேட்டார்: "ஊட்டி, கொடைக்கானல்னு எங்கயாவது போலாமா?"

"புனேக்குப் போலாங்க. அந்த மைதானத்த ஒரு தரம் பாத்துட்டு வந்துடலாம்."

போகலாம் என்றார். மகள் அனுராதா பிறந்தாள். பரணிதரனின் அம்மா பக்கவாதத்தில் ஏழு வருஷம் கிடந்தார். பிறகு அனுராதாவின் படிப்பு. அவள் வேலைக்குச் சென்னை போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு செவலைப் பெட்டை நாய்க்குட்டியைப் பரணிதரன் தூக்கி வந்தார். டீக்கடையில் யாரோ போட்ட பன்னை விழுங்க முடியாமல் விக்கிக்கொண்டிருந்த குட்டி. வானதி அதற்குப் பன்னு என்று பெயர் வைத்தாள். பரணிதரன் மொபெட்டை எடுத்தாலே போதும், பன்னு தாவி முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வானதி காலையில் வாய்க்கால் கரையில் நடக்கப் போனால் கூடவே ஓடும். "என்னை மாதிரியே எம்புது பாருங்க" என்பாள்.

போன மார்கழியில் அனுராதா போன் செய்தாள். "அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் புனேக்கு டிக்கெட் போட்டுட்டேன். தை இருபது கிளம்புறீங்க. இனிமே சாக்கு சொல்லக்கூடாது." பன்னுவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மங்களாம்பிகை ஒப்புக்கொண்டாள்.

வானதி அதற்கு அடுத்த வாரத்திலிருந்து காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிய ஆரம்பித்தாள். கேட்டதற்குப் பனி என்றாள். பரணிதரன் நம்பினார். விடியற்காலை நாலரைக்கு டூட்டிக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிற மனைவியின் பாதத்தை அவர் உற்றுப் பார்க்கவில்லை.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது காய்ச்சல் கண்டு, அடுப்பங்கரையிலேயே சரிந்துவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சாக்ஸைக் கழற்றியபோது அறை முழுக்க வாடை. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். பரணிதரன் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவரிடம் மங்களாம்பிகை அழுதாள்.

"அண்ணே, அக்கா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. மார்கழில ஒருநாள் வாய்க்கால் கரையில பன்னு எதையோ பாத்து ஓடினப்ப, கையில பிடிச்சிருந்த சங்கிலி அக்கா கால்ல சுத்திக் கிழிச்சிடுச்சு. சொன்னா நீங்க பயணத்த நிறுத்திடுவீங்களாம். நாயையும் திட்டுவீங்களாம்."

அவருக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. மொபெட்டை எடுத்தார். கூப்பிடாமலே பன்னு ஏறிக்கொண்டது. திருவாரூர் தாண்டி, நாகப்பட்டினம் தாண்டி, அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் காற்றில் காதை மடித்துக்கொண்டு சந்தோஷமாக வந்தது. அங்கே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை முறுக்கினார்.

இருபத்திரண்டு நாள் கழித்து வானதி வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் உட்கார வைத்ததும் முதல் கேள்வி அதுதான். "பன்னு எங்கங்க?"

"நீ இல்லாதப்ப எங்கயோ ஓடிப்போச்சு."

மூன்று நாள் வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். யார் வந்தாலும் செவலை நாய் ஒன்றைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். நான்காம் நாள் பரணிதரனால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

வானதி கேட்டாள்: "விட்டுட்டு வந்தப்ப பின்னாடியே ஓடியாந்துச்சா?"

"ஆமா."

"எவ்வளவு தூரம்?"

"கண்ணாடில பாத்தேன். ஆத்துப் பாலம் ஏறி எறங்குற வரைக்கும்."

"ஒரு கிலோமீட்டர் இருக்குமா?"

"இருக்கும்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கால் போனதற்கு அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. "நான் சொல்லாம மறைச்சது என் தப்பு. அதுக்கு என்னங்க தெரியும்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பரணிதரன் அவளைத் தொடப் போனார். கையை விலக்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னுவைத் தேடி அவளே கிளம்பினாள்; அவரும் கூடப் போனார். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். பஸ்ஸில் படி ஏற்ற அவரும் டிரைவரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், மீன் கூடைக்காரிகள் என்று ஒவ்வொருவரிடமும் நின்று விசாரித்தாள். படகுகளுக்கு நடுவே நின்று "பன்னு, பன்னு" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். எங்கிருந்தோ ஏழெட்டு நாய்கள் வந்தன. அது இல்லை. பாலத்து ரோட்டில் போன மாதம் ஒரு செவலை நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததாக ஒரு அம்மா சொன்னாள். பெட்டையா என்று கேட்டதற்குக் கவனிக்கவில்லை என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனார்கள். மூன்றாம் ஞாயிறு பரணிதரன் சட்டை போட்டுக்கொண்டு நின்றபோது, வானதி கட்டிலை விட்டு எழவில்லை. "போதுங்க" என்றாள்.

அனுராதா வேறு தேதியில் டிக்கெட் போடட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். அம்மா போனை அப்பாவிடம் நீட்டிவிடுகிறாள். பஸ்ஸில் பரணிதரன் இப்போது டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதோடு சரி. ஒருநாள் பழைய பயணி ஒருவர், "அண்ணே, அந்த அஞ்சு மீட்டர் நாப்பது கதையச் சொல்லுங்க, பையன் கேக்கணும்" என்றார். பரணிதரன் கேட்காதவர்போல முன் சீட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.