நாகஜோதி கற்றுக்கொண்ட ‘ங்க’

நாகஜோதி பூஞ்சைகளின் மரபணுக்களை ஆராய்ந்தவள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அம்மா ஒச்சம்மாள் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் அடித்தே மகளை எம்.ஃபில். வரை கொண்டுவந்தார். இது 2006இல் நடந்தது. நான் அவளோடு அதே ஆய்வகத்தில் குப்பை கொட்டியவள்.

முதல் கருத்தரங்கில் திரையைக் காட்டி, “இந்த ஜீன் அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்திருக்கு” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அந்த உசிலம்பட்டிப் பேச்சைக் கேட்டுக் கூடமே கொல்லென்று சிரித்தது. அட, இதில் சிரிக்க என்ன வேண்டிக் கிடக்கிறது? அவமானத்தில் அன்று அவள் சாப்பிடவே வரவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு மாறத் தொடங்கினாள்; வீடு ஊடாயிற்று. பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’. தாராபுரத்துக்காரி நானே தோற்றேன், போங்கள்.

கூத்து என்னவென்றால், அவள் ஆராய்ந்ததும் இதே சங்கதிதான். மரபணு மூன்றெழுத்துச் சொற்களால் ஆனது. அவற்றுக்குக் கோடான் என்று பெயர். ஒரே பொருளுக்குப் பல கோடான்கள் உண்டு. எதை அதிகம் புழங்குவது என்பதில் ஒவ்வொரு பூஞ்சைக்கும் ஒரு வழக்கம். பாக்டீரியாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மரபணு, பிறந்த இடத்துக் கோடான்களோடு தனியாகத் தெரியும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் அது மெல்ல உள்ளூர் வழக்குக்கு மாறிவிடும். பொருள் மட்டும் அப்படியே இருக்கும். இவளுக்கு ஒரு வருஷமே போதுமாயிருந்தது.

வாய்மொழித் தேர்வுக்குப் பெற்றோரை அழைத்து வருவது எங்கள் துறையில் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனவள், “வந்தா வாயத் திறக்காம உக்காந்திரும்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அதை என்னிடம் சொல்லும்போதே குன்றிப்போனாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம் புள்ள, பெத்தவகிட்டப் போயி இப்படிச் சொல்லுவியா?” என்று திட்டினேன்.

தேர்வுக்கு முந்தின நாள் துறைத் தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள். “சொல்லுங்க, யாருங்க பேசறது?”

மறுமுனையில் தையல் மிஷின் இரைச்சலுக்கு மேலே ஒச்சம்மாள் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. வீட்டில் மகள் ஒருநாளும் இந்தப் பேச்சைப் பேசியதில்லை. அதனால் அவருக்கு மகளின் குரல் அடையாளம் தெரியவில்லை.

“தாயி, நான் நாகஜோதியோட அம்மா பேசுறேன். அவளக் கூப்பிட வேணாம், படிக்கட்டும். நாளைக்கு நான் வரலைன்னு மட்டும் சொல்லிருங்க. நான் வாயத் திறந்தா புள்ளைக்கு அசிங்கம்.”

நாகஜோதியின் முகம் செத்துப்போயிற்று. ‘நாந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். எந்த முகத்தோடு சொல்வாள், பாவி?

“சரிங்க” என்றாள். “சொல்லிடறனுங்க.”

“எம்புட்டு மரியாதையாப் பேசுறீங்க!” என்றார் ஒச்சம்மாள். “எம்மகளக் கொஞ்சம் பாத்துக்கங்க தாயி.”