போகிற இடம் சொல்லாதவன்

இந்த நாட்டில் சைக்கிள் ஓடப் போகிறவன் வீட்டில் ஒரு கடதாசி எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும். எந்த வழியால் போகிறேன், எந்த வழியால் திரும்புவேன், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட ஆள் அனுப்பவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது பகிடியாகத்தான் இருக்கும். மட்டக்களப்புப் பக்கத்துக் கிரானில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் ஒரு மூடை நெல்லும் முன்பாரில் ஓர் ஆளுமாக வாழைச்சேனை வரைக்கும் உழக்கியவர்கள் நாங்கள். காற்றுப் போனால் உருட்டிக்கொண்டு வந்தோம். அதற்கெல்லாம் ஒருவரும் உயில் எழுதி வைக்கவில்லை.

ஆனால் குளிர்காலத்தில் இங்குள்ள மூர் என்னும் மேட்டுவெளிக்குச் சைக்கிளில் போவது வேறு விசயம். மைல்கணக்கில் மரமில்லை, வீடில்லை. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற புதர், அதற்குக் கீழே கறுத்த சேறு, சேற்றின் மேல் மெல்லிய ஐஸ். பட்டணத்தில் வெயில் எறிக்கும்போதே மேலே மேகம் வந்து மூடிவிடும். கைத்தொலைபேசி வேலை செய்யாது. என்னோடு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிற கரெத்தான் என்னை இந்தப் பைத்தியத்துக்குள் இழுத்துவிட்டவன். என்னைவிட ஆறு வயது இளையவன், தனியாக இருக்கிறான், ஆயத்தம் என்று வந்துவிட்டால் அவனைப்போல் ஒரு கரைச்சல்காரனை நான் கண்டதில்லை. பருத்தி உடுப்புக் கூடாது, நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளிதான் வேண்டும் என்பான். கையுறை இரண்டு சோடி. டியூப், பம்ப், இரண்டு லைட், சுடுதேத்தண்ணி. குளிரில் பற்றரி செத்துவிடும் என்பதால் கடதாசி மேப். ஒரு விசில். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஆள் முழுதாக உள்ளே போகக்கூடிய செம்மஞ்சள் பிளாஸ்டிக் பை. அதை அவன் முதல்முதல் விரித்துக் காட்டியபோது நான் ஓரடி பின்னால் போனேன். அந்த அளவுப் பைகளை நான் ஆஸ்பத்திரி முற்றத்தில் வரிசையாகப் பார்த்தவன். உயிரோடு இருக்கிறவனைச் சூடாக வைத்திருக்கத்தான் இது என்று அவன் சிரித்தான்.

கடதாசி எழுதும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது, வீட்டில் மனைவி இருப்பவன் நான் என்பதால். ஒவ்வொரு முறையும் மலையடிவாரத்தில் காரை நிறுத்தியதும் கரெத் கேட்பான், சுகந்திக்குச் சொல்லிவிட்டாயா என்று. நான் ஓம் என்பேன். மூன்று குளிர்காலம் அப்படித்தான் சொன்னேன். மூன்று குளிர்காலமும் சுகந்திக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வெளிக்கிடுகிறவனிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று களுவாஞ்சிக்குடியில் வளர்ந்தவள். கவனமாகப் போயிட்டு வாங்க என்பாள், கதவைச் சாத்துவாள். அவளுக்கு அது சடங்கு. எனக்கு அது வசதி.

வசதி என்று எழுதுகிறேன், ஆனால் ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் போகிற இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனோம். அதைச் சுனாமி பழக்கிவிட்டது. அன்று காலை நான் ஒருவருக்கும் சொல்லாமல் கூட்டாளி ஒருவனோடு பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போயிருந்தேன். கடல் பின்வாங்கியதைக் கண்டு முதலில் ஓடியவர்களில் நாங்களும் இருந்ததால் தப்பினோம். ஓடிய ஓட்டம் உள்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் நின்றது, அங்கேயே இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்தோம். நான் எந்தப் பக்கம் போனேன் என்று தெரியாத அம்மா, கல்குடாவிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அலைந்திருக்கிறா. மூடியிருந்த முகங்களைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறா. நான் வீட்டுப் படலையைத் திறந்தபோது அவ அழவுமில்லை, அடிக்கவுமில்லை.

"இனிப் போற இடத்தச் சொல்லிற்றுப் போ மனே. பொணத்தையெண்டாலும் தேடி எடுக்கலாம்."

அதற்குப் பிறகு அண்ணனும் நானும் சந்திக்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போனோம்.

சென்ற தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரெத்தும் நானும் மேலே ஏறி இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. ஒன்றரை மணி இருக்கும், மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது. முன்னால் போன கரெத்தின் முன்சில்லு ஐஸை உடைத்துக்கொண்டு சேற்றுக்குள் புதைந்தது. அவன் ஹாண்டிலுக்கு மேலால் பறந்து, அந்தப் பக்கத்துக் கல்லில் விழுந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. இடுப்புவரைக்கும் சேற்றுத்தண்ணியில் ஊறிவிட்டான். நான் அவனை இழுத்துக் காய்ந்த இடத்தில் போட்டு, என் மேல்கோட்டைக் கழற்றிப் போர்த்து, செம்மஞ்சள் பைக்குள் மெல்ல மெல்ல நுழைத்தேன். தேத்தண்ணியைப் பருக்கினேன். அவன் பல்லோடு பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு தொலைபேசியும் சிக்னல் இல்லாமல் செத்த மீன் மாதிரிக் கிடந்தன.

கரெத் பதறவில்லை. அவனுடைய கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாலரைக்கு சுகந்தி கடதாசியைப் பார்ப்பாள், ஆள் அனுப்புவாள், நாலைந்து மணித்தியாலம் தாங்கினால் போதும், நீ என்னோடு இரு என்று என்னையே தேற்றினான். நான் அவன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுகந்தி ஏழு மணிக்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்குவாள். அதற்குப் பிறகு பொலிசுக்கு அறிவித்தாலும், எங்கே போனார் என்று அவர்கள் கேட்டால் அவளுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் ஐந்தாறு மூர் இருக்கிறது. அதற்குள் இவன் செத்துவிடுவான் என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் கொன்றவன் நானாக இருப்பேன் என்பதும் தெரிந்தது.

"அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"மறந்துவிட்டாயா?"

"மறக்கவில்லை. நான் சொல்வதில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. புரியாமைதான் இருந்தது. நீ சைக்கிள் ஓடுவது மனைவிக்குப் பிடிக்காதா என்று கேட்டான். பிறகு, உங்களுக்குள் ஏதும் பிரச்சினையா என்று கேட்டான். காலொடிந்து கிடக்கிறவன் என் குடும்பத்துக்காகக் கவலைப்படுகிறான். உண்மைக் காரணத்தை என் பண்டகசாலை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் அதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. கரெத் மேப்பில் நாங்கள் இருந்த இடத்தில் விரலை வைத்து, ஓரத்து எண்களிலிருந்து அந்த இடத்துக்குரிய ஆறு இலக்கத்தைக் கணக்கிட்டு, என்னை இரண்டுதரம் சொல்லவைத்தான். பிறகு விசிலைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினான்.

சைக்கிளை ஓடியது பாதி, தூக்கி நடந்தது பாதி. கோட்டில்லாத தோளுக்குள் குளிர் ஊசியாக இறங்கியது. பின்னாலிருந்து விசில் ஆறு தரம் கேட்கும், ஒரு நிமிடம் ஓயும், மறுபடி ஆறு தரம் கேட்கும்; இங்கே மலையில் உதவி கேட்கிற முறை அது. முகட்டில் ஒரு கல்மதிலோடு இரண்டு தடங்கள் சந்திக்கிற இடத்தில் தொலைபேசிக்கு உயிர் வந்தது. அவசர இலக்கத்தில் ஒரு பெண் பேசினாள். நிதானமான குரல். என் பெயரைக் கேட்டாள், சொன்னேன். உங்களோடு வந்தவர் இப்போது சரியாக எங்கே இருக்கிறார் என்று கேட்டாள்.

அதே கேள்வியை இதற்கு முன் ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் அது முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம். அண்ணன் காலையில் சந்திவெளித் துறைக்குச் சைக்கிளில் போய், தோணியேறி, வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்த எங்கள் வயல்வட்டையைப் பார்க்கப் போயிருந்தான். வழக்கம்போல் அம்மாவுக்கும் எனக்கும் சொல்லிவிட்டுத்தான் போனான், பின்னேரம் கடைசித் தோணியில் வருவேன் என்று. பத்து மணிபோல மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல தமிழ், நல்ல மரியாதை. யாரென்று அன்றும் தெரியாது, இன்றும் நான் ஊகித்து எழுதப்போவதில்லை.

"தம்பி, அண்ணன் எங்க?"

"வட்டைக்குப் போயிட்டார். கடைசித் தோணியில துறைக்கு வருவார்."

நேரத்தையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணனின் சைக்கிளைப் பூட்டிய பூட்டோடு அடுத்த நாள் துறையடியில் கண்டெடுத்தோம். அவனைக் காணவில்லை. அம்மா இன்றைக்கும் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் காணாமல் தேடுகிற மற்றத் தாய்மாரோடு வீதியோரத்தில் இருக்கிறா. நீ ஏன் சொன்னாய் என்று ஒரு நாளும் அவ என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் இந்த நாட்டுக்கு வந்திருக்கமாட்டேன் என்று சிலவேளை நினைப்பேன். அவ பேசாமல் சோறு போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து யார் எங்கே என்பதை நான் எவருக்கும் சொன்னதில்லை.

இருக்கிறீர்களா, கேட்கிறதா என்று தொலைபேசிப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டாள். கீழே விசில் ஆறு தரம் ஊதி ஓய்ந்தது. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு அந்த ஆறு இலக்கத்தையும் சொன்னேன். அவள் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். மீட்புக் குழுவுக்கு வழிகாட்ட நான் தொலைபேசி வேலை செய்கிற இந்த இடத்திலேயே நிற்கவேண்டும், நண்பரிடம் திரும்பிப் போகக்கூடாது என்றாள்.

நின்றேன். சுகந்திக்கு அடித்து, இன்ன மூரில், இன்ன மதிலடியில் நிற்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"இதெல்லாம் ஏன் எனக்குச் சொல்றீங்க? என்ன நடந்த?"

நான் இடம் சொன்னதே அவளைப் பயப்படுத்திவிட்டது. கரெத்துக்குக் கால் முறிந்ததைச் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அப்போதுதான் விசில் நின்றுவிட்டதைக் கவனித்தேன். ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

மூன்றரை மணிபோல, பனிமூட்டத்துக்குள்ளிருந்து சிவப்புக் கோட்டுப் போட்ட எட்டுப் பேர் தூக்குப்படுக்கையோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டது ஒன்றுதான்: அவர் எங்கே? நான் கையை நீட்டிக் காட்டினேன். நீட்டிய கையை மடக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஆறு பேர் நான் காட்டிய பக்கமாகப் போய் மறைந்தார்கள். ஒருவர் என் தோளில் எதையோ போர்த்தினார். அவர்கள் போன திசையை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. இதைவிட நீண்ட ஒரு மணித்தியாலத்தை நான் வாழ்ந்ததில்லை.

கொண்டுவந்தார்கள். கரெத்தின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, ஆனால் மூச்சு ஆவியாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் உதட்டை அசைத்தான், சத்தம் வரவில்லை. பிழைத்துவிடுவான், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்லமுடியாது என்றார்கள். நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன். போனவர்கள் ஆளைத் திருப்பிக் கொண்டுவருவதை நான் வாழ்க்கையில் முதல்தரம் பார்த்தேன்.

புறப்படுவதற்கு முன், குழுவில் இருந்த ஒரு பெண் தலைலைட் வெளிச்சத்தில் ஒரு படிவத்தை நிரப்பினாள். என் வயது, கரெத்தின் வயது, விழுந்த நேரம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, எல்லோரிடமும் கேட்கிற கேள்வி போலும், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: உங்களைச் சேர்ந்தவர்கள் வேறு யாராவது இன்னும் வீடு திரும்பாமல் இருக்கிறார்களா?

அவள் பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கே இல்லை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, ஒருவருமில்லை என்று எழுதிக்கொண்டாள்.