அக்காவுக்காக நான் கையேந்தியது

வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போய், ஒன்றரை வருஷம் சம்பளமில்லாமல் அடைபட்டுக் கிடந்து, உயிரோடு ஊர் திரும்பியவள் நான். என்னை மீட்டது இலங்கை மலையகத்திலிருந்து வந்து அங்கே இன்னொரு வீட்டில் சமையல் வேலை பார்த்த ஒரு பெண். தமிழ் பேசும் வேலைக்காரப் பெண்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

குப்பை போடக் கீழே இறங்கும் ஐந்து நிமிஷத்தில்தான் அவரைப் பார்த்தேன். என் கையில் இஸ்திரிப் பெட்டியால் வைத்த சூடு இருந்தது. "தங்கச்சி, பயப்படாதீங்க, முகம் வேணாம், கை மட்டும் போதும்" என்று சொல்லிப் போனில் படம் எடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, அவருடைய ஒரே விடுமுறை நாளில், என்னை அங்கிருந்து நம் தூதரகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதன்பின் வந்த வெள்ளிக்கிழமைகளையெல்லாம் என் முதலாளிமேல் போட்ட வழக்குக்காக அலைந்தே கழித்தார். இப்படி எத்தனையோ பேர். எங்கள் காஞ்சிபுரம் பக்கத்துப் பெண்களே ஏழெட்டுப் பேர் அவரால் வீடு வந்து சேர்ந்தோம்.

போன வருஷம் காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரியில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். வெளிநாடுகளில் மிரட்டலுக்கு ஆளாகும் அக்காவைப் போன்றவர்களுக்காகப் பணம் திரட்டும் சிறிய குழு ஒன்றில் அவர் இருந்தார். ஒரு ஏஜென்சி பதினோரு பெண்களை ஒரே அறையில் பூட்டி வைத்திருந்ததை அக்கா படம்பிடித்து வெளியிட்டுவிட்டாராம். ஏஜென்சிக்காரர்கள் அவர்மேல் வழக்குப் போட்டு, அவர் தங்கியிருந்த அறையின் கதவையும் உடைத்திருக்கிறார்கள். வேலை போய்விட்டது. ஒளிந்திருக்கிறார். வக்கீலுக்கும் அபராதத்துக்கும் பணம் வேண்டும். குழு அனுப்பிய கடிதத்தில் அக்காவை 'மனித உரிமைக் காப்பாளர்' என்று எழுதியிருந்தார்கள். கால் வீங்க வீங்க அடுப்படியில் நிற்கும் அக்காவைத்தான் சொல்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"யார்கிட்ட உதவி கேட்டாலும் அக்கா பேரு, போட்டோ, இருக்கற இடம், இது எதுவும் வெளிய போகக் கூடாது. அது அவங்க உயிருக்கே ஆபத்து" என்றார் அந்தப் பெண்.

சரி என்றேன்.

முதலில் ஏனாத்தூருக்குப் போனேன். அங்கே ஒரு விடுதியில் பெருக்குகிற வேலையில் இருந்தவளும் அக்காவால் திரும்பி வந்தவள்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க எதுக்கு வந்தே? நான் தப்பிச்சி ஓடியாந்தவன்னு எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது. கான்ட்ராக்ட் முடிஞ்சி வந்தேன்னு சொல்லிக்கினு கீறேன்."

"அக்கா இல்லன்னா நீ இன்னா ஆயிருப்பே?"

"அதுக்கு? சாவற வரைக்கும் அதையே பேசிக்கினு இருக்க முடியுமா?"

அடுத்துப் போனது தாமல் என்ற ஊருக்கு; அங்கே இருந்த இன்னொருத்தி வெளியிலேயே வரவில்லை. காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவளை அக்கா முதுகில் சுமந்து மருத்துவமனை சேர்த்தது எனக்குத் தெரியும். அவள் கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பது கால் விரல்களில் தெரிந்தது. பேசியதெல்லாம் அவள் கணவன்தான்.

"ஒரு போட்டோ கீதா? பேரு கீதா? இந்த மாதிரி வசூல் பண்ணித் துன்றவங்க எத்தினி பேர பாத்துட்டோம்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச்சில் எழுந்து நின்று கேட்டேன். கமிட்டிப் பெரியவர் ஒருவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "பேரும் சொல்ல மாட்டேன்ற, ஊரும் சொல்ல மாட்டேன்ற. இன்னாத்த நம்பிம்மா குடுக்கறது? ஜெபத்துல வெச்சிக்கறோம்." வைத்துக்கொண்டார்கள். ஒருவரின் சிறுநீரக ஆபரேஷனுக்கும் இன்னொருவர் மகளின் பிளஸ் டூ பரீட்சைக்கும் நடுவே, 'தூர தேசத்தில் இருக்கும் ஒரு சகோதரி' என்று ஒரே வரி. ஆமென்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஊர்ப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள். எதை எப்படி எழுதினால் படிக்கிறவர் மனசு இளகும் என்பது எனக்குத் தெரியும். போனை எடுத்து அக்காவைப் பற்றி நீளமாக எழுதினேன். பெயரைப் போட்டேன். ஊர் திரும்புவதற்கு முன்னால் நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் வைத்தேன். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அக்கா என்னோடு வீடியோவில் பேசியிருந்தார். அப்போது அவர் காட்டிய இடத்தையும் எழுதினேன். எந்தப் பகுதி, கீழே தையல் கடை, மேலே காற்றில்லாத ஓர் அறை, இரக்கப்பட்டு இடம் கொடுத்த கேரளத்துத் தையல்காரர், தரையில் விரித்த அட்டைப் பெட்டி. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதினால்தான் கை பாக்கெட்டுக்குப் போகும் என்று நினைத்தேன். மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன்.

பணம் வந்தது. உத்திரமேரூரிலிருந்து, சென்னையிலிருந்து, எனக்கு முகமே தெரியாதவர்களிடமிருந்தெல்லாம் வந்தது. தாமல்காரன்கூட அனுப்பினான். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இங்கே நான் எழுதுகிற மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் மண் சுமந்துகொண்டிருந்தோம். என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜெண்ட் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். நான் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துப் பேசாதவன்.

"மெசேஜ் பாத்தேம்மா. நல்ல காரியம் பண்ணிக்கினு கீறே. நானும் எதுனா செய்யலாம்னுதான் வந்தேன்." போனைத் திருப்பிக் காட்டினான். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "அங்க நம்ம ஆளுங்க கீறாங்க. நேர்லயே குடுத்துடுவாங்க. தையல் கடைன்னு போட்டுகீறியே, எந்தத் தெரு?"

மண் கூடை என் தலையிலேயே இருந்தது. "தெரியாது" என்றேன்.

"பரவால்ல வுடு. அந்த ஏரியாவுல எத்தினி தையல் கடை இருந்துடப் போவுது?" சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கூடையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சென்னைக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண், நான் எழுதியதை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அக்காவ உடனே வேற இடத்துக்கு மாத்தச் சொல்றேன். அந்த மெசேஜை எல்லாத்துலயும் அழிங்க" என்றார். என் போனில் அழித்தேன். அதற்குள் அது எத்தனை போன்களுக்குப் போயிருந்ததோ.

மாற்ற நேரமிருக்கவில்லை. அன்று மாலையே அந்த நாட்டுப் போலீஸ்காரர்கள் அக்காவைப் பிடித்துவிட்டார்கள். தையல்காரரையும் சேர்த்துப் பிடித்தார்கள். அவரை முதலில் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அக்காவைப் பல வாரம் உள்ளே வைத்திருந்து, வர வேண்டிய சம்பளம் எதையும் கொடுக்காமல், மாற்றுப் புடவைகூட இல்லாமல் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

"உங்களாலதான்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார் சென்னைப் பெண். என்னால் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

தாமல்காரன் போன் செய்தான். "அதான் புடிச்சிட்டாங்களே. எங்க துட்ட திருப்பிக் குடு." கொடுத்தேன். மீதியை அந்தத் தையல்காரரின் குடும்பத்துக்குச் சேர்க்கச் சொல்லிச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். அக்காவுக்கு என்று திரட்டியதில் அக்காவுக்கு எதுவும் போகவில்லை.

ஒரு தடவை மட்டும் அக்கா என்னிடம் பேசினார். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான அவருடைய லயத்திலிருந்து. கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் அவர் குரல் வந்து வந்து போனது. நான் அழுதேன். மன்னிச்சிடுங்கக்கா என்றேன்.

"ஏஜென்சி பூட்டி வச்ச அந்த ரூம்ல பதினோரு பேர் இருந்தாங்க, தங்கச்சி. என்னைப் பிடிச்சதும் அவங்களை வேற எங்கயோ மாத்திட்டாங்க. எங்கேன்னு தெரியல. ஒருத்திக்கு ஏழு மாசம்."

அவ்வளவுதான் பேசினார். அதன் பிறகு நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அந்த ஏஜெண்டின் கடை இப்போது மாடிக்கும் விரிந்துவிட்டது. வருகிற கூட்டத்துக்குக் கீழே இடம் போதவில்லையாம்.

கிறிஸ்துமஸ் கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். தூர தேசத்துச் சகோதரிக்காக வெயிலில் அலைந்து உதவி திரட்டியவள் என்று கமிட்டிப் பெரியவர் மைக்கில் சொல்லி எனக்குச் சால்வை போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்து போனேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வாங்கிப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.