குலுக்கும் இயந்திரம்

மூளையில் நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் கிளியா செல்களைப் பாட்டிலில் வளர்ப்பதுதான் பத்தொன்பது வருடங்களாக அவளுடைய வேலை. அந்தச் செல்களுக்குள் ரசாயனம் நிரம்பிய நுண்பைகள் உண்டு. அவற்றை விளிம்புக்கு இழுத்துவந்து திறந்துவிடும் புரதம் எது என்று பேராசிரியர் தேடிக்கொண்டிருந்தார். நரம்புச் செல்கள் கலந்திருந்தால் விடை கெட்டுவிடும். அதனால் பாட்டில்களை இயந்திரத்தில் வைத்து வேகமாகக் குலுக்கி நரம்புச் செல்களை உதிர்த்துவிட வேண்டும்.

போன மாதம் ஒருநாள் தலைவலியில் இயந்திரத்தின் தடதடப்பைத் தாங்க முடியாமல் வேகத்தைப் பாதியாக்கினாள். பிறகு கூட்ட மறந்துபோனாள்.

இன்று காலை பேராசிரியர் வாயெல்லாம் பல்லாக வந்தார். அவளைவிட இளையவர்.

"அக்கா, மாட்டிக்கிச்சு! நரம்புச் செல்லுல மட்டும்தான் இருக்குன்னாங்களே, அந்தப் புரதம் நம்ம செல்லுலயும் இருக்கு. கட்டுரைய இன்னிக்கே அனுப்பிடறேன்."

அவள் இயந்திரத்தில் இருந்த வேக எண்ணைப் பார்த்தாள். அது இன்னும் பாதியிலேயே நின்றது. பேசாமல் இருந்தால் இரண்டு வருடத்தில் நல்ல பெயரோடு ஓய்வு பெறலாம்.

"அனுப்பாதீங்க சார். நரம்புச் செல்லும் கலந்திருக்கும். ஒரு மாசமா பாதி வேகம்தான். தலைவலின்னு நான்தான் குறைச்சேன்."

அவர் நாற்காலியில் சரிந்தார்.

"ஊர் மூளையெல்லாம் வளர்க்கறீங்க, உங்க மூளைக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கக் கூடாதாக்கா?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "எல்லாத்தையும் கொட்டிடுங்க."

ஒரு மாதத்துப் பாட்டில்களைக் கொட்டிக் கழுவவே மதியம் ஆகிவிட்டது. புதிய பாட்டில்களை வைத்து வேகத்தை முழுதாகத் திருப்பினாள். தடதடப்பு மண்டைக்குள் இறங்கியது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.