பெட்டியில் இருக்கும் கை

விருதுநகர் தாண்டினால் சிவகாசி வரை எங்கும் நிற்கக் கூடாது என்று நினைத்துத்தான் கிளம்பினேன். ஆனாலும் ஒரு பட்டாசுக் கடை முன்னால் காரை நிறுத்திவிட்டேன். உச்சி வெயில். கடையில் ஒரு நடுவயது அம்மா மட்டும் இருக்கிறார். அவருக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் மத்தாப்புப் பெட்டிகள் எல்லாவற்றிலும் என் தங்கை மலர் சிரிக்கிறாள்.

ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். அதற்கு முந்தைய தீபாவளிக்கு நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட படத்தை, அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா லேபிளுக்குக் கொடுத்திருந்தார். அங்கே என்னை வெட்டிவிட்டார்கள். அவள் தோளில் கிடந்த என் கையை மட்டும், எடுத்தால் கவுன் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

"இந்தப் படத்த மாத்தவே இல்லையாம்மா?"

"மாத்துனா யாரு வாங்குவா? பாப்பா படம் போட்டதுன்னுதான கேட்டு வாராக." ஒரு பெட்டியை எடுத்துக் காட்டுகிறார். "இந்தப் பிள்ள இப்ப எங்கனயாச்சும் பிள்ள குட்டியோட நல்லா இருக்கும். கூட நின்ன பயதான் பாவம், செத்துட்டான் போல. இல்லாட்டி எதுக்கு ஆள வெட்டுறாக? பாருங்க, தோள்ல கெடக்குற அவன் கையில சுண்டுவிரலு எப்படிக் கோணியிருக்குன்னு."

நான் மறுக்கவில்லை. மலர் உயிரோடு இருப்பதாக ஒருவராவது நம்பட்டும்.

"ஒரு பெட்டி குடுங்கம்மா" என்று கையை நீட்டுகிறேன்.

அவர் பெட்டியைத் தரவில்லை. கோணிய என் சுண்டுவிரலையே பார்த்தபடி ஓர் அடி பின்னால் போகிறார்.